பச்சிளங்குழந்தை உள்ள வீட்டில் மளிகை வாங்குவது யார்?

சுகப்பிரசவம் என்றால் இரண்டு மூன்று நாள்களிலும், அறுவைச் சிகிச்சை என்றால் மேலும் சில நாள்கள் கழித்தும் தாயும் சேயும் வீடு திரும்புகின்றனர். அன்று நாங்கள் தரும் சீட்டில் தாய்ப்பால் ஊட்டும் முறை, தொப்புள்கொடிப் பராமரிப்பு, அடுத்த தடுப்பூசி, மறுபரிசோதனைக்கு வரவேண்டிய நாள் ஆகிய அனைத்தும் எழுதப்பட்டிருக்கும். எழுதப்படாத ஒன்று உண்டு. வீட்டில் அரிசியும் பருப்பும் காய்கறியும் தீர்ந்தால் கடைக்குப் போவது யார் என்பதே அது.

கேட்பதற்கு இது மருத்துவக் கேள்வியாகத் தோன்றாது. ஆனால் இரண்டாவது வாரத்தில் குழந்தையின் எடையைப் பார்க்க வரும் தாய்மார்களிடம், "காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால், "டீயும் இரண்டு பிஸ்கட்டும்" என்ற விடை எங்களுக்கு அடிக்கடி கிடைக்கிறது. கணவர் வேலைக்குத் திரும்பிவிட்டார்; ஊரிலிருந்து வந்த தாயார் திரும்பிச் சென்றுவிட்டார்; வீட்டில் காய்கறி இல்லை; குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகப் பயம்; விட்டுவிட்டுப் போக ஆளில்லை. நகரத்து அடுக்குமாடி வீடுகளிலும், வேலையின் பொருட்டுச் சொந்த ஊரை விட்டு வந்த குடும்பங்களிலும் இது இன்று பரவலாகக் காணப்படும் நிலை. பாலூட்டும் தாய் ஒருவர் பசியோடு இருப்பது தாய், சேய் இருவரின் உடல்நலத்தையும் தொடும் செய்தி. எனவே மளிகை வாங்குவதையும் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பின் ஒரு பகுதியாகவே கருதி இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதல் ஆறு வாரங்கள் ஏன் தனிக் கவனம் பெறுகின்றன?

இதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று குழந்தையைச் சார்ந்தது. மற்றொன்று தாயைச் சார்ந்தது.

பிறந்தவுடன் குழந்தைக்குக் காசநோய்த் தடுப்பூசி, போலியோ சொட்டு மருந்து, கல்லீரல் அழற்சி பி தடுப்பூசி ஆகியவை அளிக்கப்படுகின்றன. கக்குவான் இருமல், தொண்டை அடைப்பான் போன்றவற்றிலிருந்து காக்கும் ஐந்து நோய்த் தடுப்பூசியின் முதல் தவணை ஆறாவது வாரத்தில்தான் தொடங்குகிறது. அடுத்த தவணைகள் 10-ஆம் வாரத்திலும் 14-ஆம் வாரத்திலும் வருகின்றன. பெரியவர்களுக்கு வெறும் சளியாக வந்து போகும் ஒரு வைரஸ் தொற்று, இந்த வயதுக் குழந்தைக்கு மூச்சுத்திணறலாக மாறக்கூடும். மழைக்காலத்திலும் குளிர்காலத்திலும் எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்படும் பச்சிளங்குழந்தைகள் பலரின் வீட்டில், முதலில் ஒரு பெரியவருக்கோ பள்ளி செல்லும் அண்ணனுக்கோ அக்காவுக்கோ சளி வந்திருக்கும்.

தாயின் உடலும் இதே ஆறு வாரங்களில்தான் மீள்கிறது. கருப்பை பழைய அளவுக்குச் சுருங்கவும், தையல் ஆறவும், இழந்த இரத்தம் ஈடாகவும் அந்தக் காலம் தேவைப்படுகிறது. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் தம் குழந்தையின் எடையைவிட அதிகமான சுமையை இக்காலத்தில் தூக்கக் கூடாது. மளிகைச் சாமான்களை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். தண்ணீர் கேன் ஒன்று 20 கிலோ. அரிசிச் சிப்பம் 25 கிலோ. சமையல் எரிவாயு உருளையில் வாயு மட்டுமே 14.2 கிலோ, இரும்பின் எடையோடு சேர்த்தால் ஏறத்தாழ 30 கிலோ. இவற்றை நகர்த்துவதும் சாய்ப்பதும்கூட அந்தத் தாயின் வேலை அல்ல.

தாய் வெளியே போகலாமா?

"நாற்பது நாள் வாசற்படி தாண்டக் கூடாது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அதன் உள்ளிருக்கும் நோக்கம் ஓய்வும், தொற்றிலிருந்து பாதுகாப்பும் என்றால் அதை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் இரண்டு வேறு செய்திகள் அங்கே ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. குழந்தையைக் கூட்டத்துக்குள் கொண்டுபோவது வேறு. தாய் வெளிக்காற்றில் சற்று நடந்து வருவது வேறு. முன்னதைத் தள்ளிப் போடுவது நல்லது. பின்னதைத் தடுக்க மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

பிரசவத்துக்குப் பிறகு மெல்ல நடப்பது கால் நரம்புகளில் இரத்தம் உறைவதைத் தடுக்க உதவுகிறது, மனத்துக்கும் நல்லது. நாள் முழுதும் நான்கு சுவர்களுக்குள், பேச ஆளின்றி, தூக்கமும் இன்றி இருக்கும் தாய்க்குத் தெருமுனைக் காய்கறிக் கடை வரை நடந்து, கடைக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசித் திரும்புவதே பெரிய ஆறுதலாக இருக்கும். அவர் விரும்பினால் அதற்கு இடம் கொடுங்கள். அந்த அரைமணி நேரம் குழந்தையைத் தந்தையோ பாட்டியோ பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் வேறு யாரும் போகாததால் வேறு வழியின்றித் தையல் வலியோடு தாயே பை சுமந்து வரும் நிலை வரக் கூடாது. வீட்டில் உள்ளவர்கள் இந்த வேறுபாட்டை உணர்ந்துகொண்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

பிறந்த முதல் வாரங்களில் குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். அதாவது இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. ஆகவே பால் கொடுத்து முடித்தவுடன் தாய் கிளம்பினால், ஒரு மணி நேரத்துக்குள் பதற்றமின்றித் திரும்பிவிடலாம். நேரம் கூடுதலாகும் என்றால், கைகளை நன்கு கழுவிச் சுத்தமான மூடியுள்ள எவர்சில்வர்க் கிண்ணத்தில் தாய்ப்பாலைப் பீய்ச்சி வைத்துச் செல்லலாம். அறை வெப்பநிலையில் 4 மணி நேரத்துக்குள் அதைப் பயன்படுத்த வேண்டும். கோடை நாள்களில் அதற்கும் முன்பாகவே. குளிர்பதனப் பெட்டியின் உட்பகுதியில் வைத்தால் 24 மணி நேரம் வைத்திருக்கலாம். கதவுப் பகுதியில் வைக்க வேண்டாம். கொடுக்கும்போது பாத்திரத்தை வெந்நீரில் நிறுத்திக் குளிர்ச்சியைப் போக்கினால் போதும்; அடுப்பில் வைத்துக் காய்ச்சக் கூடாது. புட்டியில் ஊட்டாமல், கொதிநீரில் சுத்தம் செய்த சங்கிலோ பாலாடையிலோ சிறிது சிறிதாக ஊட்ட வேண்டும். பாலாடையில் ஊட்டும் முறையை மருத்துவமனையில் இருக்கும்போதே தந்தையும் எங்கள் செவிலியரிடம் கற்றுக்கொள்ளலாம்.

வேலையை முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள்

ஒன்பதாம் மாதத்தில் மருத்துவமனைப் பையை எடுத்து வைப்பதுபோல, மளிகை அலமாரியையும் நிரப்பி வைத்துவிடுவது நல்லது. எளிதில் கெடாத பொருள்களான அரிசி, பருப்பு வகைகள், பயறுகள், எண்ணெய், புளி, மிளகு, சீரகம், வெந்தயம், பூண்டு, கேழ்வரகு மாவு, வேர்க்கடலை, சலவைத் தூள், சோப்பு ஆகியவற்றை ஆறு வாரத்துக்குக் கணக்கிட்டு வாங்கிவிடலாம். எஞ்சுபவை பால், காய்கறி, கீரை, பழம், முட்டை, மீன் ஆகியவை மட்டுமே.

இவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டுங்கள். பட்டியல் தாயின் தலைக்குள் மட்டும் இருந்தால், கடைக்குப் போகும் வேலை மற்றவருக்கு வந்த பின்னும் நினைவில் வைத்துக்கொள்ளும் சுமை தாயிடமே தங்கிவிடும். தூக்கமின்றி இருப்பவருக்கு அதுவும் ஒரு பாரம்தான். தீர்ந்ததை யார் பார்த்தாலும் எழுதட்டும். கடைக்குப் போகிறவர் படித்துக்கொள்ளட்டும்.

அடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆள் குறிக்கப்பட வேண்டும். காலையில் பால் வாங்குவது யார், வாரம் இருமுறை காய்கறியும் கீரையும் வாங்குவது யார், தண்ணீர் கேனைத் தூக்கி வைப்பது யார் என்பது முடிவாகியிருக்கட்டும். "யாராவது வாங்கிக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டால், கடைசியில் போகிறவர் தாயாகத்தான் இருப்பார். நியாய விலைக் கடைக்குக் குடும்ப அட்டையில் பெயர் உள்ள வேறொரு உறுப்பினர் சென்று விரல்ரேகை பதித்துப் பொருள்களைப் பெறலாம். அதற்காகத் தாய் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

உறவினர்கள் குழந்தையைப் பார்க்க வருகிறார்கள். "என்ன வாங்கி வரட்டும்?" என்று கேட்கிறார்கள். வழக்கமாக நாம் கூச்சத்தோடு "ஒன்றும் வேண்டாம்" என்கிறோம். அவர்களும் பிஸ்கட் பெட்டியும் குழந்தைக்குப் பொம்மையும் வாங்கி வருகிறார்கள். "வரும்போது ஒரு கட்டு முருங்கைக்கீரையும் ஒரு டஜன் முட்டையும் வாங்கி வாருங்கள்" என்று சொல்வதில் தவறில்லை. வருகிறவரும் அதை மகிழ்ச்சியோடு செய்வார்.

உதவிக்கு ஒருவரும் இல்லாத தாய்மார்களும் உண்டு என்பதை அறிவோம். அவர்கள் அருகிலுள்ள மளிகைக் கடையின் தொலைபேசி எண்ணை வைத்துக்கொள்ளட்டும். பட்டியலைச் சொன்னால் கடைப் பையனிடம் கொடுத்தனுப்பும் வழக்கம் பல கடைகளில் இன்றும் இருக்கிறது. தெருவில் வரும் காய்கறி வண்டியும் கீரைக்காரரும் வாசலுக்கே வருகிறார்கள். பாலூட்டும் தாய்மார்களுக்கு முதல் ஆறு மாதங்கள் அங்கன்வாடியில் சத்துமாவு வழங்கப்படுகிறது. அங்கு பெயர் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் தகுதியுடையவர்கள் பணத்தோடு ஊட்டச்சத்துப் பெட்டகமும் பெறுகிறார்கள். அதற்குப் பதிவு செய்வது பற்றி உங்கள் பகுதிச் சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள்.

பட்டியலில் இருக்க வேண்டியவை

முதல் ஆறு மாதங்கள் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே உணவு, தண்ணீர்கூடத் தேவையில்லை. ஆகவே இக்காலத்தில் குழந்தைக்கென்று வாங்க வேண்டிய உணவுப் பொருள் எதுவும் இல்லை. உணவுப் பட்டியல் முழுதும் தாய்க்கானது.

பாலூட்டும் தாய்க்கு வழக்கமான உணவுக்கு மேல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கலோரி கூடுதலாகத் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் பரிந்துரைக்கிறது. இது மலைக்க வேண்டிய அளவு அன்று. சாம்பாரோடு மூன்று இட்லி, ஒரு தம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை ஆகியவற்றைச் சேர்த்தால் கிட்டத்தட்ட அந்த அளவு வந்துவிடும். அதாவது மூன்று வேளையோடு நிறுத்தாமல், இடையில் ஒரு வேளை கூடுதலாகச் சாப்பிட வேண்டும்.

புரதத்துக்குப் பருப்பு, பயறு, முட்டை, பால், தயிர், மீன். இரும்புச் சத்துக்குக் கீரை வகைகள், கேழ்வரகு, எள், ஈரல், இறைச்சி. அந்த இரும்பை உடல் ஏற்றுக்கொள்ள உதவும் வைட்டமின் சி-க்கு நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை. விலை உயர்ந்த ஆப்பிளும் பெட்டியில் வரும் சத்துப் பொடியும் கட்டாயமல்ல. கொய்யாப்பழமும் வேர்க்கடலையும் அந்த வேலையைச் செய்துவிடும்.

மீனைப் பற்றித் தனியாக ஒரு சொல். பால் சுரப்புக்காகச் சுறாப்புட்டு செய்து கொடுப்பது நம் கடற்கரை ஊர்களின் வழக்கம். பிற மீன்களைத் தின்று வாழும் சுறா போன்றவற்றின் உடலில் சிறு மீன்களைவிடப் பாதரசம் அதிகம் சேர்கிறது. எனவே பாலூட்டும் காலத்தில் சுறாவைத் தவிர்த்து மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களை வாங்குங்கள். விலையும் குறைவு, நல்ல கொழுப்பும் சுண்ணாம்புச் சத்தும் அவற்றில் உண்டு.

பத்திய உணவில் பூண்டும் வெந்தயமும் மிளகும் சேர்ப்பதை நாங்கள் தடுப்பதில்லை. ஆனால் பழம் சாப்பிட்டால் குழந்தைக்குச் சளி பிடிக்கும், தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று சொல்லித் தாயின் தட்டிலிருந்து உணவை எடுத்துவிடுவது தவறு. தாகத்துக்குத் தக்கவாறு அவர் தண்ணீர் குடிக்கட்டும். பால் சுரப்பதற்கு முதன்மையான காரணம் குழந்தை அடிக்கடி சப்பிக் குடிப்பதே. அதற்கு மாற்றாகக் கடையில் விற்கும் பொருள் எதுவும் இல்லை.

மருந்துக் கடைப் பட்டியலில் தாயின் இரும்புச்சத்து மாத்திரையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் இருக்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள்கள் இவற்றைத் தொடர வேண்டும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இரண்டையும் ஒரே வேளையில் விழுங்க வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையோடு டீயும் காபியும் வேண்டாம்.

பட்டியலிலிருந்து நீக்க வேண்டியவை

குழந்தை பிறந்த வீட்டுக்கென்றே கடைகளில் சில பொருள்கள் எடுத்துத் தரப்படுகின்றன. வாங்கி வருபவரும் அன்பினால்தான் வாங்குகிறார். எனினும் கீழ்க்கண்டவற்றைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால்: பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவுவது சடங்காக இருக்கலாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு வகை நுண்ணுயிரி குழந்தையின் குடலில் வளர்ந்து நச்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யலாம். ஒரு வயது நிறையும் வரை தேன் கூடாது. மற்ற இரண்டும் தொற்றுக்கு வழி வகுப்பவை.

கிரைப் வாட்டர், வசம்பு, உரை மருந்து: குழந்தை அழுவதற்கும் நெளிவதற்கும் இவை தீர்வல்ல. தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் வாய்வழி வேண்டாம். மருத்துவர் எழுதித் தரும் மருந்துக்கும் வைட்டமின் டி சொட்டு மருந்துக்கும் மட்டும் இதில் விலக்கு உண்டு.

கண் மை, முகப்பவுடர்: சில மைகளில் ஈயம் கலந்திருக்கிறது. பவுடர்த் தூள் மூச்சுக்குழாய்க்குள் போகும். திருஷ்டிப் பொட்டு வைத்தே தீர வேண்டும் என்றால், கண்ணில் படாமல் உள்ளங்காலில் வையுங்கள்.

அந்துருண்டை: இதைப் பலர் அறிந்திருப்பதில்லை. துணிப் பெட்டியில் போடும் நாப்தலீன் உருண்டையின் வாசனை, பிறவியிலேயே ஒரு குறிப்பிட்ட நொதி குறைவாக உள்ள குழந்தைகளின் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள் காமாலையை உண்டாக்கும். அந்தக் குறைபாடு வெளிப்பார்வைக்குத் தெரியாது. பழைய பெட்டியிலிருந்து எடுத்த துணிகளையும் போர்வைகளையும் நன்கு துவைத்து வெயிலில் உலர்த்திய பிறகே குழந்தைக்குப் பயன்படுத்துங்கள். புதிதாக உருண்டைகள் வாங்க வேண்டாம்.

கொசுவர்த்திச் சுருள்: அதன் புகையும் சாம்பிராணிப் புகையும் குழந்தையின் மூச்சுக்கு ஒவ்வாதவை. கொசுவலை ஒன்று வாங்குங்கள்.

பால்மாவு, புட்டி: இவற்றை விளம்பரம் செய்வதையும் இலவச மாதிரிகள் கொடுப்பதையும் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. கடைக்காரரோ அண்டை வீட்டாரோ சொன்னார் என்பதற்காக வாங்க வேண்டாம். பால் போதவில்லை என்ற ஐயம் எழுந்தால் முதலில் எங்களிடம் வாருங்கள். எடையைப் பார்த்துச் சொல்கிறோம். பிறந்த சில நாள்களில் சற்று எடை குறைந்து, 10 முதல் 14 நாள்களுக்குள் பிறந்த எடைக்குத் திரும்புவது இயல்பு. ஒரு நாளில் ஆறு முறைக்குமேல் சிறுநீர் கழித்தால் பால் போதுமானது என்று கொள்ளலாம். மருத்துவக் காரணத்தால் பால்மாவு பரிந்துரைக்கப்பட்ட தாய்மார்களும் இருக்கிறார்கள். அவர்கள் குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை. ஆனால் டப்பாவில் உள்ள கரண்டியால், அதில் குறிப்பிட்ட அளவுப்படியே கலக்க வேண்டும். விலையை எண்ணித் தண்ணீரைக் கூட்டினால் குழந்தை எடை குறையும், வலிப்புகூட வரலாம். வாங்க இயலாத நிலை என்றால் தயங்காமல் எங்களிடம் சொல்லுங்கள்.

கடையிலிருந்து திரும்புபவருக்கு

சந்தையிலிருந்து திரும்பியவுடன் குழந்தையைக் கொஞ்ச ஓடுவது இயல்பு. அதற்கு முன் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கைகளைக் கழுவுங்கள். குறைந்தது 20 விநாடிகள் தேய்த்துக் கழுவ வேண்டும். கூட்ட நெரிசலிலிருந்து வந்தால் சட்டையையும் மாற்றிக்கொள்ளுங்கள். வாங்கிய பைகளைக் குழந்தையின் படுக்கையில் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் உறைகள் குழந்தைக்கு அருகில் இருக்கவே கூடாது. முகத்தில் விழுந்தால் அதைத் தள்ளிவிடும் வலிமை அதற்கு இல்லை.

இருமல், சளி, காய்ச்சல் உள்ளவர் யாராக இருந்தாலும் குழந்தையைத் தூக்க வேண்டாம். தாய்க்கே சளி பிடித்தால் முகக்கவசம் அணிந்து, கை கழுவி, பாலூட்டுவதைத் தொடரலாம், நிறுத்தத் தேவையில்லை. வருகிறவர்கள் குழந்தையின் முகத்தில் முத்தமிடுவதை மரியாதையோடு தடுங்கள். "டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்" என்று எங்கள் மீது பழியைப் போட்டுவிடுங்கள். உறவும் கெடாது, குழந்தையும் நலமாக இருக்கும்.

குழந்தையோடு போயே ஆக வேண்டும் என்றால்

எல்லா ஏற்பாடுகளையும் மீறி அப்படி ஒரு நாள் வரலாம். குறைமாதக் குழந்தையாகவோ 2.5 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தையாகவோ இருந்தால், எங்களைக் கேட்காமல் கூட்டமான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். நலமான, நிறைமாதக் குழந்தை என்றால் கீழ்க்கண்டவற்றைக் கருத்தில் கொள்ளுங்கள்.

காலையில் கடை திறந்தவுடன் செல்லுங்கள். அப்போது கூட்டமும் இராது, வெயிலும் இராது. மாலை நேரம், ஞாயிற்றுக்கிழமை, பண்டிகைக்கு முந்தைய நாள் ஆகியவற்றைத் தவிருங்கள். பால் கொடுத்துவிட்டுக் கிளம்பி, அரைமணி நேரத்துக்குள் முடியும் அளவுக்குப் பட்டியலைச் சுருக்குங்கள். மூடிய அரங்கைவிடத் திறந்தவெளிக் கடை நல்லது.

குழந்தையை உடலோடு அணைத்துச் சுமக்கும் துணியைப் பயன்படுத்தினால், அதன் முகம் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மூக்கும் வாயும் துணியிலோ உங்கள் மார்பிலோ அழுந்தக் கூடாது. மோவாய் நெஞ்சில் மடிந்துவிடக் கூடாது. மோவாய்க்கும் நெஞ்சுக்கும் இடையில் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருக்கட்டும். சேலை முந்தானையால் முகத்தை முழுதும் மூட வேண்டாம். குளிரூட்டப்பட்ட அங்காடி என்றால் தொப்பியும் கூடுதலாக ஒரு மெல்லிய துணியும் போதும். வெளியே வந்தவுடன் அவற்றை நீக்கிவிடுங்கள். தள்ளுவண்டியின் மேல் குழந்தையைப் படுக்க வைக்கவோ, குழந்தை இருக்கையை ஏற்றி வைக்கவோ கூடாது. ஒரு பக்கம் சாய்ந்தால் தலையில்தான் அடிபடும்.

இரு சக்கர வாகனத்தில் பெற்றோருக்கு நடுவில் குழந்தையை இடுக்கிச் செல்வதை நாங்கள் நாள்தோறும் மருத்துவமனை வாசலிலேயே பார்க்கிறோம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022-இல் செய்யப்பட்ட திருத்தம், 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகளுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. பச்சிளங்குழந்தையின் கழுத்தோ தலைக்கவசத்தைத் தாங்காது. அதாவது அந்த வயதுக் குழந்தையை இரு சக்கர வாகனத்தில் பாதுகாப்பாகக் கொண்டுசெல்ல வழி இல்லை. ஆட்டோவில் செல்லுங்கள், மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். காரில் சென்றால் பின்னிருக்கையில், பின்னோக்கிப் பொருத்திய குழந்தை இருக்கையே பாதுகாப்பு. முன்னிருக்கையில் மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம். தயிர் மட்டும் வாங்கிவிட்டு வந்துவிடலாம் என்று எண்ணிக் குழந்தையைப் பூட்டிய காரில் விட்டுச் செல்லாதீர்கள். நம் ஊர் வெயிலில் மூடிய கார் சில நிமிடங்களிலேயே அடுப்பாகிவிடும்.

வழியில் குழந்தை பசித்து அழுதால் பால் கொடுங்கள்; அதற்குக் கூச்சம் தேவையில்லை. தமிழகப் பேருந்து நிலையங்களில் 2015 முதல் பாலூட்டும் தாய்மார்களுக்கான தனி அறைகள் அமைக்கப்பட்டுள்ளன. பெரிய அங்காடி என்றால் உடை மாற்றும் அறையைத் திறந்து தருமாறு கேட்கலாம்.

காத்திராமல் வர வேண்டிய நேரம்

குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, சோர்ந்து எழுப்ப முடியாமல் கிடந்தாலோ, அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முறை அல்லது அதற்குமேல் மூச்சு விட்டாலோ, மூச்சு விடும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலோ, உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்குமேல் இருந்தாலோ, உடல் சில்லிட்டுப் போனாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் படர்ந்தாலோ, வலிப்பு வந்தாலோ, இரவு பகல் பாராமல் உடனே வாருங்கள். வாகனம் இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள்.

தாய்க்கும் அப்படியே. ஒரு மணி நேரத்தில் ஒரு அணையாடை நனைந்துவிடும் அளவு இரத்தப்போக்கு, காய்ச்சல், தையலில் சீழ், ஒரு காலில் மட்டும் வலியோடு கூடிய வீக்கம், கடும் தலைவலியோடு பார்வை மங்குதல் ஆகியவை அவசர அறிகுறிகள். காரணமின்றி அழுகை, எதிலும் பிடிப்பின்மை, குழந்தையைப் பார்க்கவே விருப்பமின்மை ஆகியவை இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தால் அது மனத்தளர்ச்சி நோயாக இருக்கலாம். அது சோம்பலோ குணக்கேடோ அன்று; சிகிச்சையால் குணமாகக் கூடியது. தம்மையோ குழந்தையையோ ஏதேனும் செய்துகொள்ளத் தோன்றினால் இரண்டு வாரம் பொறுக்க வேண்டாம், அன்றே வந்துவிடுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

அடுத்த முறை எடை பார்க்க வரும்போது நாங்கள் குழந்தையின் எடையைக் குறித்துக்கொண்ட பின், தாயிடம் மூன்று கேள்விகள் கேட்போம். காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? கடைக்கு யார் போகிறார்கள்? தண்ணீர் கேனை யார் தூக்குகிறார்கள்? அவற்றுக்கான விடைகளை உடன் வரும் கணவர், மாமியார், தாயார், சகோதரர் ஆகியோர் சொல்லும்படி இருந்தால், அந்த வீட்டில் தாயைக் கவனிக்க ஆள் இருக்கிறது என்று நாங்கள் நிம்மதி கொள்வோம். இப்போதே ஒரு தாளை எடுத்து, நாளை காலைக்கு வீட்டில் என்ன இல்லை என்று எழுதுங்கள். அதன் கீழே, வாங்கி வரப்போகிறவரின் பெயரையும் எழுதிவிடுங்கள்.